ஒரே உருவம், இரண்டு உயிர்கள்: குடல் அமீபாவும் குருதியின் சாட்சியமும்

இந்த மழைக்காலத்தில், புனேயில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பருக்கு நான்கு நாள்கள் வயிறு சரியில்லை. மலப் பரிசோதனை செய்துகொண்டார். ஆய்வகம் தந்த அறிக்கையில் ‘எண்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட்கள் காணப்பட்டன’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதை நம்பி மெட்ரோனிடசோல் மாத்திரைகள் எழுதித் தரப்பட்டன. நாக்கில் ஏறிய உலோகக் கசப்போடு மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்டார்: “பழைய சீதபேதிக் கணக்குகளைத்தானே நீ படித்துக்கொண்டிருக்கிறாய்? இந்த அறிக்கை சரிதானா?”

நுண்ணோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரை எழுத முடியாது என்பதே நான் சொல்லியிருக்க வேண்டிய விடை. ஆனால் அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க இயலவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

நான் மருத்துவன் அல்லன். மருத்துவ வரலாறு பயிலும் ஆய்வு மாணவன். பூனா கண்டோன்மென்ட் போன்ற படைத்தளங்களைப் பற்றிய பழைய அறிக்கைகளில் ‘அமீபா சீதபேதி’ என்ற சொல் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை நிறுத்திவிடுகிறது: இதை எழுதியவர் எதைக் கண்டு எழுதினார்? குடல் அமீபாவின் வரலாற்றில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கண் தவறு செய்துகொண்டிருந்தது. அத்தவறு திருத்தப்பட்டபோது முன்வந்த முக்கியமான சாட்சிகளுள் ஒன்று மனித உடலின் எதிர்ப்பாற்றல். அந்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. இந்த இரண்டையும் நாம் மறந்துவிட்டோம் என்பதே நான் சொல்ல வருவது.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1870-இல் கல்கத்தாவில் டி. ஆர். லூயிஸ் காலரா நோயாளிகளின் மலத்தில் அமீபாக்களைக் கண்டார். 1875-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபெடோர் லோஷ், கடுமையான சீதபேதியால் அவதியுற்ற ஒருவரின் மலத்தில் அமீபாக்களைக் கண்டு விரிவாக எழுதினார். அந்த மலத்தை நான்கு நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். ஒரு நாய்க்கு மட்டுமே குடற்புண் உண்டாயிற்று. ஆகவே அமீபாதான் நோய்க்குக் காரணம் என்று அவர் துணிந்து கூறவில்லை. வேறொன்றால் தொடங்கிய அழற்சியை அது நீடிக்கச் செய்கிறது என்றே கருதினார். 1883-இல் எகிப்தில் ராபர்ட் கோஹ் குடல் திசுக்களுக்குள் அமீபாக்களைக் கண்டார். 1891-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கவுன்சில்மனும் லாஃப்லரும் ‘அமீபா சீதபேதி’ என்ற நோயைத் தனியாக வரையறுத்தனர்.

1903-இல் ஃபிரிட்ஸ் ஷாடின் குடல் அமீபாக்களை இரண்டாகப் பிரித்தார். தீங்கற்றது எண்டமீபா கோலி. திசுவைக் கரைப்பது எண்டமீபா ஹிஸ்டோலிடிகா. சிஸ்ட் எனப்படும் உறைநிலையில் முதலாவதற்கு எட்டு உட்கருக்கள், இரண்டாவதற்கு நான்கு என்று பிற்பாடு நிலைபெற்ற இலக்கணம் இன்றுவரை ஆய்வகச் சுவர்ப்படங்களில் தொங்குகிறது. நான்கு உட்கருக்கள் தெரிந்தால் ஹிஸ்டோலிடிகா: இதைவிட எளிய விதி வேறில்லை.

அந்த எளிமையை முதலில் கலைத்தது 1913-இல் வெளியான மணிலா ஆய்வு. வாக்கரும் செல்லர்ட்ஸும் பிலிபித் சிறைக்கைதிகள் இருபது பேருக்கு இந்த அமீபாவை உணவோடு கொடுத்தனர். அவர்களைத் தன்னார்வலர்கள் என்று ஆய்வாளர்கள் குறித்தாலும், காலனியச் சிறைக்குள் தன்னார்வம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாம் கேட்டாக வேண்டும். இருபது பேரில் பதினெட்டுப் பேருக்குத் தொற்று உண்டாயிற்று. சீதபேதி வந்ததோ நான்கு பேருக்கு மட்டும். மற்ற பதினான்கு பேரும் அமீபாவைச் சுமந்துகொண்டு நலமாகவே இருந்தார்கள்.

ஏன்? இதற்கு இரண்டு விடைகள் எழுந்தன. இங்கிலாந்தின் கிளிஃபர்ட் டோபெல் அளித்தது முதல் விடை: அமீபா ஒன்றே, எல்லாருடைய குடலிலும் அது திசுவைத் தின்னத்தான் செய்கிறது, நலமாக இருப்பவரின் உடல் அழிந்ததை உடனுக்குடன் சரிசெய்துகொள்கிறது. பாரிஸின் எமில் புரும்ட் 1925-இல் வேறொன்று கூறினார்: நாம் ஒன்று எனக் காண்பவை உண்மையில் இரண்டு. தோற்றத்தில் வேறுபாடற்ற, ஆனால் நோய் செய்யாத மற்றோர் இனம் இருக்கிறது. அதற்கு எண்டமீபா டிஸ்பார் என்று அவர் பெயரிட்டார். பூனைக்குட்டிகளுக்கு அதைச் செலுத்தியபோது குடற்புண் உண்டாகாததைச் சான்றாகக் காட்டினார்.

டோபெலின் கருத்தே வென்றது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டின் பேரில் புதிய இனம் ஒன்றை ஏற்பதா என்ற தயக்கம் அறிவியலில் நியாயமானதுதான். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள். புரும்ட் சொன்னது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

அந்த விலையைக் காண இந்தியாவுக்கு வர வேண்டும். 1912-இல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் எமெடின் ஊசி மருந்தை அறிமுகப்படுத்தினார். உண்மையான அமீபா நோய்க்கு, குறிப்பாகக் கல்லீரல் சீழ்க்கட்டிக்கு, அது உயிர்காத்த மருந்து, ஐயமில்லை. இதயத்தைத் தாக்கும் நஞ்சும் அதுவே. ஒரு நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டால் அந்நோயின் பெயரும் தாராளமாக வழங்கத் தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் சீதபேதி என்றாலே அமீபா என்ற எண்ணம் வேரூன்றியது. முதல் உலகப் போருக்குப் பிறகே, படைவீரர்களின் சீதபேதியில் பெரும்பகுதி பாக்டீரியாவால் வருவது என்பதை ராணுவ மருத்துவர்கள் வளர்ப்பு ஊடகங்களின் துணையோடு படிப்படியாக ஏற்றனர். அதுவரை எமெடின் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு அது தேவைப்பட்டது என்பதை இனி எந்த ஆவணமும் சொல்லாது. மருந்துக்குப் பின் குணமானார், ஆகவே நோய் அமீபாதான் என்று வாதிட்டார்கள். பாக்டீரியா சீதபேதியும் பல சமயம் தானாகவே தணியும் என்பது அந்த வாதத்தில் இடம்பெறவில்லை.

இனி எதிர்ப்பாற்றலுக்கு வருவோம். அமீபா குடலின் சளிப்படலத்தைப் பற்றிக்கொள்வது லெக்டின் என்ற புரதத்தால். படலத்தில் உள்ள கேலக்டோஸ் வகைச் சர்க்கரைகளை அந்த லெக்டின் கைப்பிடியாகப் பற்றுகிறது. படலத்தைக் கடந்து திசுவைத் தொட்டதும் உடல் விழித்துக்கொள்கிறது, குருதியில் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. குடலின் உட்பரப்பிலோ ஐ.ஜி.ஏ. வகை சுரக்கிறது. அமீபாவும் சும்மா இருப்பதில்லை. தன் மேல் ஒட்டும் எதிர்ப்பொருள்களை ஓரிடத்தில் திரட்டி உதறிவிடுகிறது; தன் நொதிகளால் அவற்றை வெட்டவும் செய்கிறது. இந்தப் போராட்டத்தின் தடயம் குருதியில் எஞ்சுகிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதே சீரவியல்.

1920-களின் இறுதியில் அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் கிரெய்க், காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் முறையில் இதற்கு முயன்றார். அதிலிருந்த முதன்மைத் தடை தூய்மையின்மை. 1920-களின் நடுவில் போயக், டிர்போலாவ் இருவரும் அமீபாவை ஆய்வகத்தில் வளர்க்க வழிகண்டிருந்தார்கள் என்றாலும், பாக்டீரியாக்கள் இல்லாமல் அது வளரவில்லை. சோதனையில் குருதி எதிர்வினை புரிந்தால், அது அமீபாவுக்கா கூட இருந்த பாக்டீரியாவுக்கா என்று யாரால் சொல்ல முடியும்? 1961-இல் லூயிஸ் டயமண்ட் வேறெந்த உயிரியும் கலவாமல் அமீபாவைத் தனித்து வளர்த்துக் காட்டினார். தூய அமீபாவிலிருந்து தூய ஆன்டிஜென் கிடைத்தது. சீரச் சோதனைகள் நம்பகம் பெற்றன. 1971-இல் எலைசா முறை வந்தபின் அவை எளிமையும் ஆயின.

திருப்பம் 1978-இல் நேர்ந்தது. லண்டனில் சார்ஜன்ட்டும் வில்லியம்ஸும் பலரிடமிருந்து பெற்ற அமீபாக்களின் நொதிகளை மின்புலத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டனர். தோற்றத்தில் ஒன்றேயான அமீபாக்கள் நொதி அமைப்பில் பல குழுக்களாகப் பிரிந்தன. சைமோடீம் என்பது அக்குழுக்களின் பெயர். நோயாளிகளிடம் கிடைத்தவை குறிப்பிட்ட சில சைமோடீம்களிலேயே அடங்கின. புரும்ட்டின் பழைய கருத்து மெல்லத் தலைதூக்கியது.

ஆயினும் டோபெல் வழிவந்தோருக்கு ஒரு மறுமொழி எஞ்சியிருந்தது: நலமாக இருப்பவரின் உடலில் ஒரே அமீபா ஒரு வகையாகவும், நோயுற்றவரின் உடலில் வேறு வகையாகவும் நொதிகளை மாற்றிக்கொள்ளலாமே? இந்த இடத்தில்தான் குருதி சாட்சி சொன்னது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஜாக்சன், கதிராம், சிம்ஜீ ஆகியோர் 1985-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. நோய்செய் வகை அமீபாவைச் சுமந்தவர்களின் சீரத்தில் எதிர்ப்பொருள்கள் இருந்தன. நோய்க்குறி ஏதுமின்றி நலமாக இருந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். நோய் செய்யாத வகையைச் சுமந்தவர்கள் பெரும்பாலோரிடம் அவை இல்லை.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். டோபெல் சொன்னபடி எல்லா அமீபாவும் திசுவைத் தின்னுமாயின், சுமப்பவர் அனைவரின் குருதியும் அதை அறிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. இருவரும் நலமானவர்கள், இருவர் மலத்திலும் நான்கு உட்கருக்கள் கொண்ட சிஸ்ட்கள். நுண்ணோக்கிக்கு அவர்களுள் வேறுபாடில்லை. ஒருவரின் உடல் எதிரியைக் கண்டு ஆயத்தமாகியிருக்கிறது. மற்றவரின் உடலோ எதையும் பொருட்படுத்தவில்லை. கண்ணால் பிரிக்க முடியாததை உடல் எப்போதோ பிரித்து வைத்திருந்தது. நாம்தான் அதைக் கேட்கவில்லை.

இதற்குப் பின்னும் சர்ச்சை ஓயவில்லை. வளர்ப்புக் குடுவையில் ஒரு வகை மற்றொன்றாக மாறியது என்று 1986-இல் இஸ்ரேலின் மிரெல்மன் குழு அறிவித்தது. அது கலப்படத்தின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று பின்னர் கருதப்பட்டது. 1989-இல் ஹாம்பர்க்கின் டானிக் குழு இரண்டு வகைகளின் மரபணுக்களே வேறு என்று காட்டியது. 1993-இல் டயமண்டும் கிளார்க்கும் இரண்டையும் தனித்தனி இனங்களாக முறைப்படி விவரித்தனர். புரும்ட் இட்ட டிஸ்பார் என்ற பெயரையே தக்கவைத்தார்கள். 1997-இல் மெக்ஸிகோ நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு இரண்டு பரிந்துரைகளைச் செய்தது. நுண்ணோக்கியில் மட்டும் கண்டால் ‘ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்’ என்றே அறிக்கை எழுத வேண்டும். நோய்க்குறி இல்லாதவருக்கு அந்த அறிக்கையை மட்டும் நம்பி மருந்து தரலாகாது.

1986-இல் ஜூலியா வால்ஷ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 48 கோடிப் பேர் ஹிஸ்டோலிடிகாவைச் சுமந்தனர்; அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினருக்கு நோய் இல்லை. இன்று அந்த எண்ணைப் படிக்கும்போது, நோயற்றவர்களில் மிகப் பலர் டிஸ்பாரைச் சுமந்தவர்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எத்தனை பெரிய எண் ஒரே ஒரு பெயர்க்குழப்பத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது!

இவ்வளவும் கேட்டபின், குருதியையே சோதித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது பாடம். குருதி நினைவில் வைக்கும். ஆனால் நாள்குறிப்பு எழுதாது. ஹிஸ்டோலிடிகா தொற்று நீங்கிய பின்னும் எதிர்ப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும். இந்நோய் அரிதான நாட்டில், பயணம் போய்வந்த ஒருவரின் குருதியில் அவை தெரிந்தால் அது வலுவான சான்று. நம் நாட்டில் அதுவே இந்த வாரத்துத் தொற்றா, குழந்தைப்பருவத்துத் தொற்றா என்று சொல்ல முடியாது. கல்லீரல் சீழ்க்கட்டியில் மட்டும் நிலை வேறு. அந்நோயாளிகளில் பலரது மலத்தில் அமீபா தென்படுவதே இல்லை. முதல் வாரம் கடந்தபின் மிகப் பெரும்பாலோரின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். மலம் மறைப்பதைக் குருதி காட்டும் இடம் அது. ஆயினும் நம் நாட்டில் மருத்துவப் படிமங்களோடும் நோய்க்குறிகளோடும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

ஆகவே ஆய்வு, உடலின் நினைவைத் தேடுவதிலிருந்து அமீபாவின் உடற்கூற்றையே தேடுவதற்கு நகர்ந்தது. டாக்காவில் ரஷிதுல் ஹக், அமெரிக்காவில் வில்லியம் பெட்ரி ஆகியோரின் கூட்டுழைப்பில், மலத்தில் ஹிஸ்டோலிடிகாவின் லெக்டினை மட்டும் இனங்காணும் எலைசா 1990-களில் உருப்பெற்றது. எதிர்ப்பொருளே இங்கு கருவி. நோயாளியின் எதிர்ப்பொருளைத் தேடாமல், ஆய்வகத்தில் ஆக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு அமீபாவைப் பிடிக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் பரிஜாவும் கைர்நாரும் சீழ்க்கட்டி நோயாளிகளின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் அமீபாவின் டி.என்.ஏ.வைத் தேடிக் கண்டனர். எண்டமீபா மோஷ்கோவ்ஸ்கி என்ற மூன்றாவது உருவொத்த இனம் புதுச்சேரி மக்களிடம் இருப்பதை 2005-இல் அவர்கள் தெரிவித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் குழம்ப இப்போது இரண்டல்ல, மூன்று.

எதிர்ப்பொருள் உருவாவதும் பாதுகாப்பு உண்டாவதும் ஒன்றல்ல என்பதும் நம் துணைக்கண்டத்தில் தெளிவானதே. டாக்காவின் மீர்பூர் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஹக் குழு 2001-இல் எழுதியது: லெக்டினுக்கு எதிரான ஐ.ஜி.ஏ. குடலில் இருந்த குழந்தைகளுக்குப் புதிய தொற்று குறைவாக வந்தது, குருதியின் ஐ.ஜி.ஜி. அத்தகைய காப்பை அளிக்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1985 முதல் ஆராயப்படும் மற்றொரு குடல் ஒட்டுண்ணி கிரிப்டோஸ்போரிடியம். அங்கும் தொற்றுக்குப் பின் குழந்தைகளின் சீரத்தில் எதிர்ப்பொருள் உயர்கிறது. ஆனால் அதே குழந்தைகளுக்குத் தொற்று மீண்டும் வருகிறது. மலச் சோதனையில் தப்பிய தொற்றுகள் பலவற்றை அவர்களின் சீரமே காட்டிக்கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். காவலுக்கு உதவாத நினைவும் வரலாற்றுக்கு உதவுகிறது.

மீண்டும் புனேக்கு. இங்குள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் மேற்கிந்தியாவின் நலமுள்ள மக்களிடம் பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற குடல் ஒற்றைச்செல் உயிரியை மரபணு வழியே தேடி 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோய் ஏதுமில்லாத பலரிடம் அது இருந்தது; மூன்றாம் துணைவகை மிகுந்திருந்தது. 1912-இல் இவ்வுயிரிக்கு பிளாஸ்டோசிஸ்டிஸ் ஹோமினிஸ் என்று பெயரிட்டவரும் அதே எமில் புரும்ட். நெடுங்காலம் இது ஈஸ்ட் என்று எண்ணப்பட்டது. 1967-இல் சியர்ட் இதை ஒற்றைச்செல் விலங்கினத்தோடு சேர்த்தார். இது ஐ.ஜி.ஏ.வை வெட்டவல்லது என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2005-இல் காட்டினர். அப்படியானால் இது பகையா? நலமானவர்களிடம் இவ்வளவு பரவலாக இருப்பது குடியிருப்பா? ஒரே பெயருக்குள் பல துணைவகைகள் இருக்கும்போது, டோபெலும் புரும்ட்டும் நடத்திய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது. ‘பிளாஸ்டோசிஸ்டிஸ் காணப்பட்டது’ என்ற அறிக்கை வரியைக் கண்டதும் மருந்தைத் தேடுபவர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

நண்பரிடம் கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா தென்பட்டதாக எழுதியிருந்தால் அது ஹிஸ்டோலிடிகாவுக்கு வலுவான அடையாளம். வெறும் சிஸ்ட் என்றால், அந்தப் பெயர் ஊகம். ஆன்டிஜென் சோதனையோ பி.சி.ஆர். சோதனையோ செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஹிஸ்டோலிடிகா என்று உறுதியானாலும் மெட்ரோனிடசோல் மட்டும் போதாது. அது திசுவில் உள்ள அமீபாவைக் கொல்லும், குடலில் எஞ்சும் சிஸ்ட்களுக்கு வேறு மருந்து வேண்டும். தொடங்கிய மருந்தை நீயாக நிறுத்திவிடாதே, மருத்துவரைக் கேள் என்றும் சொன்னேன். ஒரு வாரத்தில் அவர் தேறிவிட்டார். “பார்த்தாயா, அமீபாதான்” என்றார். எமெடின் காலத்து மருத்துவர்களும் இதையேதான் சொன்னார்கள் என்றேன்.

சக ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1990-களுக்கு முந்தைய இந்திய ஆவணங்களில் அமீபா நோயின் எண்ணிக்கையை எடுத்தாளும்போது, அட்டவணையை அப்படியே பெயர்த்தெழுதாதீர்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்தச் சோதனையால் பெறப்பட்டது என்பதைக் குறியுங்கள்: நோய்க்குறியாலா, நுண்ணோக்கியாலா, சீரத்தாலா. நான் என் ஆய்வேட்டின் அட்டவணைகளில் இதற்கென ஒரு தனி நிரல் சேர்த்திருக்கிறேன். அந்த நிரலில் பல கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. ஊகித்து நிரப்புவதைவிட அவை அப்படியே இருப்பது மேல்.